துடுப்புக்காரரின் இடது பக்கம்

எங்கள் ஊர் ஆற்றில் உல்லாசப் படகு விடுவது என்று பஞ்சாயத்தில் தீர்மானமானது ஆனி மாத முதல் வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. ஆட்சி மாறிய பிறகு வந்த இரண்டாவது குறுவை அது. மூன்றாவது குறுவை என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறு. மூன்றாவது குறுவையின்போது படகுகளுக்கு ஒரு முறை தார் பூசி முடித்துவிட்டோம். தார் பட்ட என் வேட்டி சாட்சி.

நான் அப்போது பஞ்சாயத்து எழுத்தர். தலைவர் ஆளுங்கட்சிக்காரர், சைக்கிள் கடை வைத்திருந்தவர். கட்சி மாநாட்டுக்கு ஊட்டிக்குப் போன இடத்தில் ஏரியில் படகைப் பார்த்துவிட்டு வந்தார். "அவங்ககிட்ட இருக்கறது தேங்கின தண்ணி. நம்மகிட்ட ஓடற தண்ணி. அவங்களே விடறப்ப நாம விடக்கூடாதா?" என்று கூட்டத்தில் கேட்டார். ஆற்றில் தண்ணீர் வருஷத்தில் பாதி நாள்தான் ஓடும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஊருக்குக் கிழக்கே மதகு இருந்தது. அதன் ஷட்டர்களை இறக்கிவிட்டால் அரை மைல் தூரத்துக்குத் தண்ணீர் ஆள் ஆழத்தில் நிற்கும். அந்த அரை மைலுக்குத்தான் இரண்டு படகுகள். நாகப்பட்டினத்திலிருந்து லாரியில் வந்தன.

படகு வந்துவிட்டது, ஓட்டத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். அவரைச் சுக்கானி பாய் என்போம். சுக்கான் என்பது படகின் பின்னால் இருந்து அதைத் திருப்புகிற பலகை. அதைப் பிடிக்கிறவர் சுக்கானி. இருபது வருஷம் பாய்க்கப்பலில் கொழும்பு, பினாங்கு என்று போய் வந்தவர். கப்பல் விற்றுப்போனதும் கடைத்தெருவில் இருந்த தங்கை புருஷனின் ஜவுளிக்கடைக்கு வந்து சேர்ந்தார். கடலில் இருந்தவரைக் கத்திரிக்கோலோடு நிறுத்தினால் என்ன ஆகும்? துணி அளக்கும்போது வாசல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்ப்பார். "காத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கங்க" என்று ஒவ்வொருவருக்கும் அரை முழம் கூடுதலாகக் கிழித்துக் கொடுப்பார். வாடிக்கையாளர்களுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

படகுத்துறைக்கு அவரைக் கேட்டபோது கடைக்காரர் என் முன்னாலேயே கெடு வைத்தார்.

"மச்சான், ஆடிப் பெருக்கு வரைக்கும் ஒங்க இஷ்டம். அதுக்குள்ள படகுக்கு அனுமதி வந்துருச்சுன்னா ஆத்துலேயே இருங்க. வரலன்னா தீவாளி சரக்கு வந்துரும். நேரா கடைக்கு வந்து கத்திரியப் புடிச்சிருங்க. அப்பறம் படகு, பாயின்னு வாயத் தெறக்கக் கூடாது."

"பாய்னா என்னையத்தான சொல்றீங்க?" என்றார் சுக்கானி.

"ரெண்டையுந்தான்."

அனுமதி தர வேண்டியவர் நாகப்பட்டினத்திலிருந்து வரும் ஓர் அதிகாரி. ஆடிப் பெருக்கன்று காலை வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். மூன்று நிபந்தனைகள்: துறையில் தமிழில் விதிப் பலகை இருக்க வேண்டும், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் மிதக்கும் பொருள் இருக்க வேண்டும், இரண்டு படகுகளும் முழு ஆட்களோடு நேருக்கு நேர் வந்து இடிக்காமல் ஒதுங்கிக் காட்ட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் சுக்கானி பாய் மீதி ஆயுளுக்கு முழம் போட வேண்டியதுதான்.

விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. விடுமுறை நாளில் ஏரியில் படகு விடுகிற வெள்ளைக்காரர்களுக்காக எழுதியது. 'புறப்படும் முன் உங்கள் மனைவியிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள்' என்பது முதல் விதி. அரை மைலுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மற்றவற்றை நானும் சுக்கானி பாயும் நான்கு மத்தியானங்கள் உட்கார்ந்து தமிழாக்கினோம்.

ஆள் கணக்கு சுலபமாக முடிந்தது. துடுப்பு போடுகிறவரையும் சேர்த்து எட்டுப் பேர். மடியில் உட்காரும் குழந்தைக்கு அரை டிக்கெட் உண்டா என்று பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் கேட்டார். "தண்ணிக்கு அரை டிக்கெட் தெரியாதுங்க" என்று சுக்கானி முடித்துவிட்டார். ஷட்டருக்கு நூறு முழத்துக்குள் போகக்கூடாது என்பதிலும் தகராறு இல்லை. ஷட்டருக்குக் கீழே தண்ணீர் விழுகிற சத்தமே அந்த விதியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எழுந்து நிற்கக் கூடாது என்கிற விதியில்தான் ஊர் உள்ளே வந்தது.

அந்த வருஷம் ஊர் இரண்டாகக் கிடந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நடவுக் கூலி படியவில்லை. வரப்புகளில் செங்கொடி நட்டிருந்தது. ரோட்டில் போலீஸ் வேன் வேப்பமரத்து நிழலுக்குத் தக்கபடி நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வடகரையில் பத்து வேலி நிலம் வைத்திருந்த மிராசுதார். மறுபக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். அவரை எல்லோரும் தோழர் என்று கூப்பிடுவோம். எங்கள் துடுப்புக்காரர்கள் இரண்டு பேரும் மிராசுதாரின் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள், தோழரின் சங்கத்தில் இருந்தவர்கள். நடவு நின்றுபோயிருந்ததால் அவர்களுக்குத் துடுப்புப் பிடிக்க நேரம் இருந்தது.

ஆடி முதல் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி. சுக்கானி பாய் ஆறு பேரை ஒரு படகில் உட்கார வைத்துத் துறை ஓரத்திலேயே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். மிராசுதார் வேடிக்கை பார்க்க வந்தார். பார்த்தவருக்கு ஆசை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஒரு காலை வைத்தார். அவ்வளவுதான். உட்கார்ந்திருந்த ஆறு பேரும் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அவரோடு கூலித் தகராறில் இருந்தவர்கள்தான். ஆனால் உடம்பு பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ளவில்லை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏழு பேரையும் முழங்கால் தண்ணீரில் கொட்டியது.

சுக்கானி கரையில் நின்று பார்த்தார். "இருவது வருசம் கடல்ல இருந்தேன். புயல்ல கவுந்த படகு பாத்துருக்கேன். பாறையில ஒடஞ்சது பாத்துருக்கேன். மரியாதைல கவுந்தது இதுதான்" என்றார்.

அன்று எழுதியதுதான் மூன்றாம் விதி: 'படகில் யார் ஏறினாலும், எப்பதவியில் இருப்பவரானாலும், அமர்ந்திருப்போர் எழக்கூடாது.'

தோழருக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போனது. "நாங்க பத்து வருஷமா பேசறத நீங்க ஒரு வரில எழுதிட்டீங்களே, எழுத்தரே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாளே அதைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்துவிட்டார். 'படகில்' என்ற சொல் மட்டும் அச்சுப்பிழையாக விட்டுப்போயிருந்தது. பிழைதான் என்று அவர் என்னிடம் சொன்னார்.

மிராசுதார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நான் ஏறுறேன். அவன் உக்காந்தே இருப்பான். அப்படித்தானே?"

"ஆமாங்க."

"கொஞ்சம் லேசா எழுந்துட்டு உக்காந்துக்கலாம்னு எழுதக் கூடாதா?"

"லேசா எழுந்தா லேசா கவுந்துரும்ங்க."

அவருக்கு நனைந்த ஞாபகம் இருந்தது.

இனி வருவதுதான் பெரிய தகராறு. அதற்கு ஒரு முன்குறிப்பு. செங்கொடிக் கட்சி சில வருஷங்களுக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒன்றை இடது என்றும் இன்னொன்றை வலது என்றும் சொல்வார்கள். வலது ரஷ்யா பக்கம், இடது சீனா பக்கம் என்பது டீக்கடைக் கணக்கு. தோழர் இடது. பிரிந்ததிலிருந்து அந்த இரண்டு சொற்களும் ஊரில் கைக்கும் காலுக்கும் உதவாமல் போயின. இடது தோளில் வலி என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், "எப்ப சேந்தீங்க?" என்று கம்பவுண்டர் கேட்டுவிட்டுத்தான் மருந்து கலக்குவார். இதெல்லாம் தெரிந்தும் நான் ஐந்தாம் விதியை இப்படி எழுதினேன்: 'எதிரே படகு வந்தால் வலது பக்கம் ஓரமாகச் சேரவும்.'

பலகை எழுதத் தாராசுரத்திலிருந்து ஓர் ஓவியர் வந்தார். எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுதுகிறவர். கடைசி வரியில் இடம் போதாமல் 'ஓரமாக' என்பதை விட்டுவிட்டார். சனிக்கிழமை காலை ஊர் கண் விழித்தபோது, ஆற்றங்கரையில் நான்கு அங்குல எழுத்தில் நின்றது:

எதிரே படகு வந்தால் வலது பக்கம் சேரவும்.

ஏழு மணிக்குத் தோழரின் சைக்கிள் என் வீட்டு வாசலில் நின்றது.

"எவ்வளவு நாளா வலதுல இருக்கீங்க?"

"தோழர், அது படகுக்கு—"

"படகு சேருதோ இல்லையோ, படிக்கறவன் சேந்துருவான்ல? ஆடிப் பெருக்கன்னிக்கு நாலு ஊரு சனம் வரும். அத்தன பேரும் படிப்பான்."

இருவருமாகத் துறைக்குப் போனோம். சுக்கானி பாய் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். தோழர் அவரிடம் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ரோட்டுல மாட்டு வண்டிலேருந்து லாரி வரைக்கும் எல்லாம் எடது பக்கமாத்தான் போவுது. ஆத்துல மட்டும் என்ன வலது?"

"தண்ணின்னா உலகம் பூரா வலதுதாங்க, தோழர்."

"உலகம் பூராவா?"

"உலகம் பூரா."

தோழர் சற்றுக் குரலைத் தணித்தார். "ரஷ்யாக் கப்பலு?"

"பினாங்குல என் கண்ணால பாத்தேன். வலதுதான்."

"அது எங்களுக்குத் தெரிஞ்ச விஷயந்தான்." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "சீனாக் கப்பலு?"

"அதுவும்தாங்க."

தோழரின் முகத்தில் அப்படி ஒரு வருத்தத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் அசையவில்லை. "இந்தப் பலகை இருக்கற வரைக்கும் நம்ம ஆளுங்க துடுப்பத் தொட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

தோழருக்குப் பிடிக்காதது மிராசுதாருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். மாலை நாலு மணிக்கு அவரும் வந்துவிட்டார்.

"என்னய்யா, ஊரக் கூட்டி வலதுல சேருங்கறே?"

"ஐயா, தோழர் இடதுங்க. இது வலதுங்க. உங்களுக்கு—"

"வலதுன்னா அவனும் செவப்புத்தானேய்யா?"

தலைவர் வந்து பலகையை இரண்டு முறை படித்தார். "ஆளுங்கட்சி வச்ச துறையில அடுத்த கட்சிக்கு விளம்பரமா?" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு படகும் நடுவுல போனா என்ன?" என்று கேட்டார்.

"தலைவரே, ரெண்டும் நடுவுல வந்தா இடிச்சுக்கும்."

"மெதுவா வரட்டும்."

"மெதுவா இடிச்சுக்கும்ங்க" என்றார் சுக்கானி.

ஞாயிற்றுக்கிழமை ஓவியர் வரியை அழித்துவிட்டு 'சோற்றுக்கைப் பக்கம் ஒதுங்கவும்' என்று எழுதினார். வலது என்ற சொல்லே இல்லை. சோறு தின்கிற கை எது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அது நல்ல தமிழாகவே பட்டது. அரை மணியில் தோழர் வந்தார்.

"அப்ப நாங்க பீச்சாங்கையா?"

அதுவும் அழிந்தது. திங்கட்கிழமை திசைகளுக்குப் போனேன். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. கிழக்கே போகிற படகு தென்கரை ஓரம், மேற்கே போகிற படகு வடகரை ஓரம். கணக்கு சரி. ஆனால் வடகரை முழுவதும் மிராசுதாரின் தோப்பு. கூலி படிகிற வரைக்கும் அந்தக் கரைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் இருந்தது. அவர்களை அங்கே பார்க்கச் சகிக்காது என்று மிராசுதாரிடமும் ஒரு தீர்மானம் இருந்தது. ஓவியர் வாளியைக் கவிழ்த்துவிட்டு, "நீங்க பேசி முடிங்க சார். நான் வந்ததுக்கு ஒரு சினிமாத் தட்டியாவது எழுதிட்டு வர்றேன்" என்று கும்பகோணம் பஸ்ஸைப் பிடித்தார்.

பெருக்குக்கு மூன்றே நாள் இருந்தது. பலகையில் நான்கு விதிகளும் ஐந்தாவது இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டும் இருந்தன. அன்று மத்தியானம் சுக்கானி பாய்க்கு மச்சான் கடையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தார். கத்திரிக்கோல். புதிதாகச் சாணை பிடித்திருந்தது.

அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லா புடிச்சிருக்கான்" என்றார். மறுபடி காகிதத்தில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அவரை ஜவுளிக்கடைக்கு அனுப்புவது அதிகாரியோ கடைக்காரரோ அல்ல, என் ஐந்தாம் விதிதான் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துடுப்புக்காரர்களில் மூத்தவர் வந்தார். "துடுப்பத் தொடக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க. சும்மா உக்காந்துக்கறேன்" என்று தம் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. சுக்கானி பாய் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் பக்கத்தில். படகு நகர்ந்தது. நடு ஆற்றில் ஒரு வாழைமரம் மிதந்து வந்தது.

"வலது பக்கம்! வலது!" என்றார் சுக்கானி.

படகு இடது பக்கம் போய் வாழைமரத்தில் முட்டியது.

"வலதுன்னு சொன்னேன்ல?"

"வலதுதாங்க போனேன்."

"இதுவா வலது?"

துடுப்புக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "பாய், நீங்க முன்னால பாத்து உக்காந்துருக்கீங்க. நான் ஒங்கள பாத்துல்ல உக்காந்துருக்கேன்? ஒங்களுக்கு வலதுன்னா எனக்கு எடதுங்க."

துடுப்பு போடுகிறவர் படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அப்போதுதான் இழுக்க முடியும். பத்து நாளாக அவரை எதிரே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் நான். வாழைமரம் முட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அதுக்குத்தான் சார், கப்பல்ல கைய வச்சுப் பேசறதில்ல" என்றார் சுக்கானி. "படகோட பக்கத்துக்குத் தனியா பேரு இருக்கும். யாரு எந்தப் பக்கம் திரும்பி உக்காந்தாலும் அது மாறாது. இந்தா, சுக்கானையே பாருங்க. இந்தப் பக்கம் தள்ளுனா படகு அந்தப் பக்கம் போவும்."

"அப்ப நீங்க எந்தக் கட்சிங்க பாய்?" என்றார் துடுப்புக்காரர்.

"படகு கரைக்குப் போற கட்சி."

கரைக்கு வந்ததும் நான் பஸ்ஸுக்கு ஓடினேன் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து ஓவியரைப் பிடித்து வந்தோம். புதன்கிழமை பகல் ஐந்தாம் விதி மறுபடி எழுதப்பட்டது:

எதிரே படகு வந்தால் துடுப்புக்காரர் தம் இடது பக்கம் ஒதுங்குக. பயணிகள் தம் வலது பக்கம் ஒதுங்குக.

தோழரை வரவழைத்தேன். அவர் உரக்கப் படித்தார். "தொழிலாளி இடது பக்கம். சரி. உக்காந்து வர்றவன் வலது பக்கம். அதுவும் சரி. எல்லாம் அவனவன் இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கான்." சட்டென்று சந்தேகம் வந்தது. "ஆனா ரெண்டு பேரும் ஒரே படகுலதான உக்காந்துருக்கான்? அவன் இந்தப் பக்கம், இவன் அந்தப் பக்கம்னா படகு பிஞ்சுராது?"

துடுப்புக்காரர் அவரைப் படகில் தம் இடத்தில் உட்கார வைத்துக் காட்டினார். தோழர் இடது கையை நீட்டினார். எதிரே இருந்த நான் வலது கையை நீட்டினேன். இரண்டு கைகளும் ஒரே கரையைக் காட்டின.

"இன்னொண்ணு தோழர்," என்றார் துடுப்புக்காரர். "எடது பக்கம் போவணும்னா வலது கைத் துடுப்பதான் அழுத்திப் போடணும்."

தோழர் அதையும் போட்டுப் பார்த்தார். படகு திரும்பியது. "இதத்தான்யா ஐக்கிய முன்னணின்னு சொல்றது" என்றார்.

மிராசுதார் பலகையைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "நான் துடுப்பு போடப் போறதில்லையே?"

"இல்லீங்க."

"அப்ப சரி." தலைவருக்காகப் பலகையைச் சுற்றி அவர் கட்சிக் கொடி நிறத்தில் ஒரு கரை போட்டுக் கொடுத்தார் ஓவியர். ஊர் ஒத்துக்கொண்டது.

ஆடிப் பெருக்கு. தண்ணீர் இரு கரையும் தொட்டு நின்றது. பெண்கள் காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டுப் புளியோதரைப் பாத்திரங்களோடு படித்துறையில் உட்கார்ந்திருந்தார்கள். பத்தே கால் மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகையை முழுதும் படித்தார். ஐந்தாம் விதியில் அவர் உதடு இரண்டு முறை அசைந்தது.

மிதக்கும் பொருளுக்குத் தலைவரின் சைக்கிள் கடை மூலமாக லாரி டயருக்குள் போடுகிற ரப்பர் ட்யூப்புகளைச் சேர்த்து, காற்றடித்து அடுக்கியிருந்தோம். சில சிவப்பு, சில கறுப்பு. தோழர் சிவப்பை எடுத்து மாலை மாதிரிப் போட்டுக்கொண்டார். மிராசுதார் சிவப்பைத் தொட மாட்டேன் என்றார். கறுப்பைக் கொடுத்தோம்.

"கறுப்பா? அது சாமி இல்லேங்கறவன் நெறம்."

"வேற நெறம் இல்லீங்களே."

அவருடைய ஆள் ஒருவர் ஓடிப்போய்ச் சுண்ணாம்பு குழைத்து வந்து கறுப்பு ட்யூப்பில் மூன்று பட்டை இழுத்தார். காய்ந்தபின் மிராசுதார் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

தலைவர் இரண்டு படகிலும் எல்லாத் தரப்பையும் கலந்து ஏற்றினார். என் படகில் சுக்கானி பாய், மிராசுதார், மூத்த துடுப்புக்காரர், இன்னும் நாலு பேர். கிழக்கே இருந்து வந்த மற்றப் படகில் தோழரும் அதிகாரியும் இருந்தார்கள். மிராசுதார் ஏறியபோது யாரும் எழவில்லை. மூத்தவரின் கை துண்டுவரைக்கும் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன்.

நடு ஆற்றில் படகுகள் நேருக்கு நேர் வந்தன. சுக்கானி பாய் சுக்கானை இடது பக்கம் தள்ளினார். துடுப்புக்காரர் வலது கையை அழுத்தினார். படகு அழகாக வலது பக்கம் ஒதுங்கியது. எதிர்ப் படகும் அதேபோல் ஒதுங்கியது. நடுவில் மூன்று முழம் தண்ணீர். அவர்கள் எங்களுக்கு இடது பக்கமாகக் கடந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மிராசுதார், கை எட்டும் தூரத்தில் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். சர்க்கார் அதிகாரி எதிரே வந்தால் எழுந்து கும்பிடுவது அவர் வீட்டில் மூன்று தலைமுறைப் பழக்கம்.

"நமஸ்காரங்க" என்று எழுந்தார்.

"ஐயா, உக்காருங்க!" என்று நான் கத்தியதற்கும் அவர் தண்ணீரில் விழுந்ததற்கும் இடையில் நேரமே இல்லை. படகு ஆடியது. ஆனால் மற்ற ஏழு பேரும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கவிழவில்லை. மூழ்கிய இடத்தில் முதலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் மேலே வந்தன. பிறகு மிராசுதார் வந்தார். மதகுப் பக்கமாக மெல்ல நகர ஆரம்பித்தார்.

தோழர் தம் சிவப்புத் துண்டை வீசினார். மிராசுதார் அதைப் பிடிக்க ஒரு நொடி யோசித்தார். பிடித்துக்கொண்டார்.

"பக்கவாட்டுல ஏத்தாதீங்க! பின்பக்கமா கொண்டாங்க!" என்று சுக்கானி குரல் கொடுத்தார். பக்கத்தில் ஏற்றினால் அந்தப் படகும் கவிழும். தோழர் துண்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்பக்கம் கொண்டுபோய் இழுத்து ஏற்றினார். சொட்டச் சொட்ட, இடுப்பில் ட்யூப்போடு, மிராசுதார் அந்தப் படகுக்குள் வந்து நின்றார். விதிப்படி ஒருவரும் எழவில்லை. அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் கையமர்த்தினார்.

"உக்காருங்க, உக்காருங்க."

"நீங்க மொதல்ல உக்காருங்க" என்றார் தோழர்.

கரைக்கு வந்தோம். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் எழுதினார். சுக்கானி பாய் என் பக்கத்தில் நின்றார். அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே கத்திரி மாதிரி விரிந்து மூடிக்கொண்டிருந்தன. மச்சானும் கூட்டத்தில் இருந்தார்.

அதிகாரி தலை நிமிராமல் கேட்டார். "ஒதுங்கும்போது இடிச்சுதா?"

"இல்லீங்க."

"ஆள் விழுந்தப்ப வேற யாராவது எழுந்தாங்களா?"

"இல்லீங்க."

"விழுந்தவர் மிதந்தாரா?"

"நல்லா மிதந்தாருங்க" என்றார் சுக்கானி.

அதிகாரி பேனாவை மூடினார். "நான் எத்தனையோ துறைக்குப் போயிருக்கேன். சோதனைக்கு ஒரு ஆள விழச் சொன்னா எந்த ஊர்லயும் ஒத்துக்க மாட்டாங்க. பொம்மையப் போடுவாங்க, மூட்டையப் போடுவாங்க. நீங்க ஊர்ப் பெரிய மனுஷரையே ஏற்பாடு பண்ணியிருக்கீங்க."

எல்லோரும் மிராசுதாரைப் பார்த்தோம். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"பொதுக் காரியம்னா நாம முன்னால நிக்கணும்ல?" என்றார்.

அனுமதிச் சீட்டில் கையெழுத்து விழுந்தது பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. ஐந்தாம் விதியைப் பற்றி அதிகாரி ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'குழப்பமானது. ஆனால் வேலை செய்கிறது.' நடவுக் கூலி அடுத்த புதன்கிழமை படிந்தது. படகுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததாக நான் எங்கும் எழுதிவைக்கவில்லை.

தலைவர் துறையைத் திறந்துவைக்க ரிப்பன் கட்டியிருந்தார். வெட்டுவதற்குக் கத்திரி கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. சுக்கானி பாய் இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். சாணை பிடித்த கத்திரி; ரிப்பன் சத்தமில்லாமல் விழுந்தது. துடைத்து மச்சானிடம் திருப்பிக் கொடுத்தார்.

மச்சான் அதை வாங்கி ஜேபியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒரு சுத்து வரலாமா? எந்தப் பக்கம் உக்காரணும்?"

"எந்தப் பக்கம் வேணாலும் உக்காருங்க, மச்சான்" என்றார் சுக்கானி பாய். "கரையில ஒங்க வாடிக்கையாளரப் பாத்தா மட்டும் எழுந்திருச்சிராதீங்க."